ஒன்றரை சென்டிமீட்டருக்கு அப்பால்

முசிறியிலிருந்து தொட்டியம் வரை காவிரியின் வடகரையில் வாழை, கோரை, தென்னை என்று மாறி மாறி வரும். தென்னை நிறைந்த ஊரில் மரத்திலிருந்து விழுகிறவர்களும் இருப்பார்கள். மட்டை பிடி நழுவியோ, மழை ஈரத்தில் கால் வழுக்கியோ விழுகிறவருக்குக் கை கால் முறிந்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். தலைகுப்புற விழுந்து உச்சந்தலை தரையில் மோதியவர் கதை அப்படியல்ல. கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்து உட்காருவார். தண்ணீர் கேட்பார். சிலர் நடக்கவும் செய்வார்கள். இரண்டு கைகளாலும் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "பிடரி வலிக்குது, திருப்ப முடியல" என்பார்கள். சுளுக்காகத்தான் இருக்கும், எண்ணெய் போட்டு வழித்துவிடலாம் என்று கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்வார்.

வழிக்கவே கூடாது. தலையைத் தன் கையாலேயே தாங்குகிறவரின் கழுத்துச்சியில் எலும்பு உடைந்திருக்கலாம் என்பது மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த அடையாளம். உடைந்தும் அவர் நடப்பது ஏன் என்பதை மான்செஸ்டரின் ஜெஃப்ரி ஜெஃபர்சன் 1920இல் எழுதினார். உச்சந்தலையில் நேராக இறங்கும் அடி, கழுத்தின் முதல் எலும்பான வளையத்தை வெளிப்புறமாகப் பிளக்கிறது. வளையம் விரிவதால் உள்ளே இருக்கும் தண்டுவடம் நசுங்காமல் தப்பிவிடுகிறது. ஆனால் அந்தத் தப்புதல் நிலையானதல்ல. வளையத்தைப் பிடித்து வைத்திருக்கும் தசைநார் அறுந்திருந்தாலோ, அடுத்த எலும்பின் முனை முறிந்திருந்தாலோ, ஒரு தவறான திருப்பத்தில் கையும் காலும் மூச்சும் போகலாம்.

அப்படிப்பட்டவரை இன்று குப்புறப் படுக்கவைத்து, பிடரியைத் திறந்து, முதல் இரண்டு எலும்புகளிலும் இரு பக்கமும் ஸ்க்ரூ இறக்கி, ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறார்கள். இப்போது உலகமெங்கும் செய்யப்படும் இந்த முறை பம்பாயில், பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் 1988இல் பிறந்தது. அதைப் பிறக்கவைத்தது உலோகமோ கருவியோ அல்ல. ரத்தம் பொங்கும் ஓரிடத்துக்குள் போவதா வேண்டாமா என்ற கேள்விக்கு ஒருவர் எடுத்த முடிவு.

அந்த இடம் எது என்று தெரிந்தால்தான் முடிவின் கனம் புரியும்.

மண்டை ஓடு முதல் எலும்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அட்லஸ் என்று பெயர். இரண்டாவது எலும்பான ஆக்ஸிஸிலிருந்து விரல்நுனி போல ஒரு முனை மேல்நோக்கி எழுந்து வளையத்துக்குள் நுழைகிறது. நாம் 'இல்லை' என்று தலையை ஆட்டும்போது அந்த முனையைச் சுற்றி வளையம் சுழல்கிறது. கழுத்து இடமும் வலமும் திரும்புவதில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு மூட்டில்தான் நடக்கிறது. இவ்வளவு திரும்ப வேண்டிய மூட்டு என்பதால் இதில் பிடிமானம் குறைவு. எலும்பைவிடத் தசைநார்களை நம்பித்தான் நிற்கிறது.

இதே மூட்டை ஒட்டி மூளைக்குப் போகும் இரண்டு தமனிகள் ஏறுகின்றன, பக்கத்துக்கு ஒன்றாக. கழுத்தடியில், கைக்குப் போகும் பெரிய தமனியிலிருந்து கிளைத்து, கழுத்தின் ஆறாவது எலும்பில் உள்ள துளை வழியாக நுழைந்து, துளை துளையாக நேரே மேலே வருகின்றன. இரண்டாவது எலும்பு வரை வந்ததும் வெளிப்பக்கம் வளைகின்றன. முதல் எலும்பின் துளையைக் கடந்தவுடன் பின்னால் திரும்பி, வளையத்தின் பின்வில்லின் மேலே ஒரு பள்ளத்தில் படுத்து, பிறகே மண்டைக்குள் போகின்றன. தலை திரும்பும்போது இழுபட்டு அறுந்துவிடாமல் இருக்க உடல் விட்டுவைத்த தாராளம் இந்த வளைவு. கத்தி பிடிப்பவருக்கோ அதுதான் கண்ணி. உள்ளே போய் இரண்டும் ஒன்றுசேர்ந்து மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் ரத்தம் தருகின்றன. மூச்சும் விழிப்பும் அங்கேதான் இருக்கின்றன. தமனியைச் சுற்றியும், மூட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் கழுத்து நரம்பின் முடிச்சைச் சுற்றியும், மெல்லிய சுவருள்ள சிரைகள் வலையாகப் பின்னிக் கிடக்கின்றன. தொட்டால் கசியும், கிழிந்தால் வெள்ளமாக வரும். தமனி கிழிந்தால் ஆளுக்கே ஆபத்து. சிரை கிழிந்தால் ஆள் பெரும்பாலும் பிழைப்பார், ஆனால் குழி நிரம்பி எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

ஆகவே முன்னோர்கள் ஓரத்துக்குப் போகவில்லை. 1910இல் பாஸ்டனில் மிக்ஸ்டரும் ஆஸ்குடும், முறிந்த கழுத்தொன்றில் முதல் எலும்பின் பின்வில்லை இரண்டாம் எலும்போடு பட்டு நூலால் கட்டினார்கள். 1939இல் டொரன்டோவின் வில்லியம் கேலி நூலுக்குப் பதில் எஃகுக் கம்பி போட்டு, நடுவில் இடுப்பெலும்புத் துண்டு ஒன்றையும் வைத்தார். 1978இல் புரூக்ஸும் ஜென்கின்ஸும் கம்பியை இரண்டு பக்கமாகப் பிரித்துக் கட்டினார்கள். எல்லாமே முதுகின் நடுக்கோட்டை ஒட்டிய வேலை. அறுவை மாணவர்களுக்குச் சொல்லித் தரப்பட்ட விதி ஒன்று உண்டு: முதல் எலும்பின் பின்வில்லில் நடுவிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்கு அப்பால் சுரண்டாதே. அதற்கு அப்பால் தமனி இருக்கிறது.

விதி சரியானதுதான். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் கம்பிக்கு ஒரு குறை இருந்தது. எலும்பு முன்னும் பின்னும் நகர்வதை அது தடுக்கும். சுழல்வதைச் சரியாகத் தடுக்காது. அந்த மூட்டின் முழு வேலையே சுழல்வதுதான். கம்பி கட்டிய பிறகும் மாதக்கணக்கில் தலையை அசையாமல் வைக்க வேண்டியிருந்தது. 1959இல் அமெரிக்காவில் பெர்ரியும் நிக்கலும் மண்டை ஓட்டில் ஊசிகளால் பொருத்தும் உலோக வளையம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதை மார்புக் கவசத்தோடு இணைத்து மாட்டிவிடுவார்கள். அப்படியும் எலும்பு ஒட்டாமல் போனவர்கள் உண்டு. முதல் எலும்பின் பின்வில்லே உடைந்திருந்தால் கம்பி கட்ட இடமே கிடையாது. உச்சந்தலை மோத விழுந்தவருக்கு அதுவும் உடைவதுண்டு.

உடைவு எங்கே என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. இரண்டாம் எலும்பு முறியும் விதத்தை 1913இல் விவரித்த வுட் ஜோன்ஸ், ரங்கூன் சிறையில் தூக்கிலிடப்பட்டவர்களின் கழுத்தெலும்புகளை வைத்துத்தான் அதைச் செய்தார். உயிரோடு இருப்பவரின் எலும்பைப் பார்க்க எக்ஸ்ரே மட்டுமே இருந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் பார்னார்ட் கதிரியக்க நிலையம் 1934இலேயே வந்துவிட்டது. ஆனால் எக்ஸ்ரேயில் தாடையும் பல்லும் இந்த இரண்டு எலும்புகளை மறைக்கும். வாயை அகலத் திறக்கச் சொல்லி, திறந்த வாய் வழியாகப் படம் எடுப்பார்கள். அடிபட்டு மயங்கிக் கிடப்பவர் எங்கே வாயைத் திறப்பது? எலும்பாவது நிழலாகத் தெரியும். தமனி அதில் தெரியவே தெரியாது.

இந்தக் கழுத்து எவ்வளவு பறிக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்த ஒருவர் உண்டு. ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975 ஜனவரியில், கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்பயிற்சியில் விழுந்து கழுத்தில் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே அசைவு போயிற்று. 1981இல் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவர் கட்டியெழுப்பியதை நாடே வணங்குகிறது. அவருக்கு வந்த நிலை இன்னொருவருக்கு வராமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மேற்கொண்டு சொல்லப்போகும் எல்லா உழைப்பும்.

லண்டனில் 1971 அக்டோபர் 1 அன்று கோட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியில் முதல் நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் செய்யப்பட்டது. உடலைச் சீவல் சீவலாகப் பார்க்கலாம் என்று ஆயிற்று. ஆரம்பக் கருவிகள் மெதுவானவை, சீவல்களும் தடிமன். கழுத்துச்சியில் 1 மில்லிமீட்டர் வித்தியாசமே உயிரை முடிவு செய்வது. அந்த அளவுக்குப் படம் வருவதற்கு இன்னும் காலம் பிடித்தது. படம் வருவதற்குள் ஸ்க்ரூ வந்துவிட்டது. இந்தக் கதையின் சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் ஃபிரீட்ரிக் மகெர்ல் 1979இல் நடுக்கோட்டை விட்டு வெளியே வந்தார். இரண்டாம் எலும்பின் கீழ்ப்பக்கமிருந்து நீண்ட ஸ்க்ரூ ஒன்றை மேல்நோக்கி ஏற்றி, மூட்டைக் குறுக்காகத் துளைத்து முதல் எலும்பில் நிறுத்தினார். கம்பி தராத உறுதியை அது தந்தது; சுழற்சி நின்றது. ஆனால் ஸ்க்ரூ போகும் பாதை இரண்டாம் எலும்பின் ஒடுங்கிய இடுப்பு வழியே போகிறது. தமனி வளையும் இடமும் அதற்கு நேர் கீழே. சிலருக்குத் தமனி உயரமாக ஏறி எலும்பைக் குடைந்திருக்கும். ஸ்க்ரூவுக்கு இடமே இருக்காது. பின்னாளில் சி.டி. படங்களை வைத்து அளந்தபோது, ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு ஒரு பக்கமாவது இந்த ஸ்க்ரூ போடுவது பாதுகாப்பல்ல என்று தெரிந்தது. 1998இல் அமெரிக்காவில் ரைட், லௌரிசன் இருவரும் 1,318 நோயாளிகளின் விவரத்தைத் திரட்டினார்கள். உறுதியாகவோ சந்தேகமாகவோ தமனி அடிபட்டவர்கள் 4.1 சதவீதம். எல்லோருக்கும் பாதிப்பு வரவில்லை. இன்னொரு பக்கத் தமனி தாங்கிக்கொண்டது. ஆனாலும் அறுவை அரங்கில் நிற்பவருக்கு அந்தக் கணம் ஒருபோதும் புள்ளிவிவரமல்ல.

இன்னொரு குறையும் இருந்தது. நீண்ட ஸ்க்ரூ போடுவதற்கு முன்பே இரண்டு எலும்புகளும் வரிசைக்கு வந்திருக்க வேண்டும். அடிபட்டு விலகிய எலும்பை ஓரளவு இழுத்துச் சரிசெய்துவிடலாம். இந்தியாவில் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தவர்களில் பலர் பிறவியிலேயே இந்த மூட்டு பிசகியவர்கள். பம்பாயின் நோஷிர் வாடியா அப்படிப்பட்ட 28 பேரைப் பற்றி 1967இலேயே எழுதியிருந்தார். அவர்களுடைய எலும்பு இழுப்புக்கு வராது. மேலைநாட்டு மருத்துவர் ஒருவர் வாழ்நாளில் பார்ப்பதைவிட அதிகமான கழுத்துச்சிகள் நம் ஊர் அரசு மருத்துவமனை வார்டில் வரிசையில் படுத்திருந்தன. புது முறை இங்கே பிறந்ததற்கு அதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

உள்ளே போவது என்று முடிவெடுத்தவர் கே.இ.எம். மருத்துவமனையின் அறுவை மருத்துவர் அதுல் கோயல். அவர் செய்தது இது. தமனியும் சிரையும் மூடியிருக்கும் அந்த மூட்டுக்கு வெளியே நின்று கட்டாமல், நேரே மூட்டுக்குள் போனார். இரண்டாம் கழுத்து நரம்பின் முடிச்சை வெட்டி ஒதுக்கினார். பிடரியில் கொஞ்சம் மரத்துப்போகும், அவ்வளவுதான். பிறகு மூட்டு கண்ணெதிரே வந்துவிடும். குருத்தெலும்பைச் சுரண்டி, இடுப்பெலும்புத் துணுக்குகளை உள்ளே திணித்து, முதல் எலும்பின் பக்கவாட்டுத் திரட்சியில் ஒரு ஸ்க்ரூவும் இரண்டாம் எலும்பில் ஒரு ஸ்க்ரூவும் தனித்தனியே இறக்கி, வெளியில் ஒரு தகட்டால் இரண்டையும் இணைத்தார். ஸ்க்ரூக்கள் தனித்தனி என்பதால் விலகிய எலும்பை அறுவையின்போதே நகர்த்தி வரிசைக்குக் கொண்டுவர முடிந்தது. பின்வில் உடைந்திருந்தாலும் பரவாயில்லை, அதை யாரும் தொடப்போவதில்லை. வி. லஹேரியோடு சேர்ந்து 1994இல் இதை ஐரோப்பிய நரம்பியல் அறுவை இதழ் ஒன்றில் வெளியிட்டார். 2002இல் எழுதியபோது 160 பேருக்குச் செய்து முடித்திருந்தார்.

ரத்தத்துக்கு அவர்கள் கண்ட வழி பெரும்பாலும் பொறுமை. தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கவைத்தால் சிரைகளின் விம்மல் தணியும். வயிறு அமுங்காமல் தொங்கவிட்டால் இன்னும் தணியும். சிரை வலையைச் சுட்டுக்கொண்டே போகாமல், உறிஞ்சு பஞ்சை வைத்து மெல்ல அழுத்தி, காத்திருந்து, மறுபக்கம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள். சிரை ரத்தம் அழுத்தத்துக்குக் கட்டுப்படும். எந்த மயக்கவியல் மருத்துவரிடமும் கேட்டுப் பாருங்கள். ரத்தம் குறைந்த பிடரி அறுவையில் பாதிப் பெருமை படுக்கவைத்தவருக்குத்தான் என்பார். பிறகு, ஜப்பானின் உடாகோ ஒகமோட்டோ 1960களில் கணவரோடு சேர்ந்து கண்டுபிடித்த டிரானெக்ஸாமிக் அமிலமும் முதுகெலும்பு அறுவைகளில் கைகொடுக்க வந்தது.

தமனி கிழிந்தால் மட்டும் வேறு சட்டம். சிவப்பு ரத்தம் பீறிட்டால் ஸ்க்ரூவையே அந்தத் துளையில் இறக்கி அடைத்துவிட்டு, அல்லது பஞ்சு திணித்து அழுத்திவிட்டு, அடுத்த பக்கத்தில் ஆபத்தான ஸ்க்ரூ எதையும் போடாமல் நிறுத்த வேண்டும். ஒரு தமனி போனால் மூளை பெரும்பாலும் தாங்கும். இரண்டும் போனால் தாங்காது. இந்த ஒரு சட்டத்தைக் கடைப்பிடித்த கைகள் எத்தனையோ உயிர்களை மீட்டிருக்கின்றன. அரங்கில் தொடங்கிய வேலையைப் பாதியில் நிறுத்துவது எளிதல்ல. அதைச் செய்கிறவரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

2001இல் ஜெர்மனியின் யூர்கன் ஹார்ம்ஸும் மெல்ச்சரும், தகட்டுக்குப் பதில் எந்தக் கோணத்திலும் திரும்பும் தலையுள்ள ஸ்க்ரூவும் தண்டும் வைத்து, 37 பேருக்குச் செய்ததை வெளியிட்டார்கள். நரம்பை வெட்டாமல் ஒதுக்கிவைத்தார்கள். கருவி கைக்கு எளிதாக இருந்ததால் உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. பல நூல்களில் ஹார்ம்ஸ் முறை என்றே பெயர் ஏறிவிட்டது. இப்போது கோயல்-ஹார்ம்ஸ் முறை என்று இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வது பரவலாகிவிட்டது. பரேலில் 13 ஆண்டு முன்னால் செய்ததை அந்தப் பெயரில் முதலில் வைத்திருப்பது நியாயம்.

இவ்வளவு காலமும் தமனி எங்கே போகிறது என்பதை மருத்துவர்கள் காய்ந்த எலும்புகளில் அளந்துதான் கற்றார்கள். கோயல் குழுவும் அட்லஸ், ஆக்ஸிஸ் எலும்புகளைக் கையில் வைத்து அளந்தது. ஆனால் சராசரி எலும்பு எதுவும் மேசையில் வந்து படுப்பதில்லை. 1989இல் ஜெர்மனியில் வில்லி கலெண்டர் குழு, மேசை நகர்ந்துகொண்டே இருக்கச் சுழன்று படமெடுக்கும் சி.டி. முறையைக் கொண்டுவந்தது. ஒரே மூச்சில் முழுக் கழுத்தும் பதிவாகும் வேகம் வந்ததும், கைச் சிரையில் சாய மருந்து செலுத்தி, அது கழுத்துக்கு வரும் நொடியில் படமெடுத்துத் தமனியையும் எலும்பையும் ஒன்றாகப் பார்க்க முடிந்தது. அதுதான் சி.டி. ஆஞ்சியோகிராம். எந்தப் பக்கத் தமனி பெரியது, எது ஒல்லி, எது உயரமாக வளைகிறது, முதல் எலும்பின் பள்ளத்தின்மேல் எலும்புப் பாலம் மூடியிருக்கிறதா என்றெல்லாம் முந்தின நாளே தெரிந்துவிடும். அந்தப் பாலத்தைத் தடித்த பின்வில் என்று நினைத்து ஸ்க்ரூ போட்டால் நேரே தமனிக்குள் போகும் என்பது 2005இல் எழுதப்பட்ட எச்சரிக்கை.

விபத்தில் அடிபட்டவருக்கு இந்தப் படத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. உடைந்த எலும்பு தமனியை ஏற்கெனவே கிழித்திருக்கலாம். அப்போது உடனே எதுவும் தெரியாது. சில மணி நேரத்திலோ சில நாளிலோ உறைந்த ரத்தம் மேலே போய் மூளையில் அடைக்கும். ஆகவே கழுத்தின் முதல் மூன்று எலும்புகளில் எது முறிந்தாலும், அல்லது தமனித் துளை வழியாக முறிவு போனாலும், தமனியையும் பார்க்க வேண்டும் என்று டென்வர் மருத்துவர்கள் விதி வகுத்தார்கள். கை கால் நன்றாக அசைகிறது என்று சொல்லி இந்தப் படத்தைத் தவிர்க்கக் கூடாது.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழு அடுத்த அடி எடுத்துவைத்தது. அறுவை மேசையிலேயே முப்பரிமாணப் படமெடுத்து, ஸ்க்ரூ போகும் பாதையைக் கணினித் திரையில் பார்த்துக்கொண்டே இறக்கும் முறையை அவர்கள் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். 2007இல் வெளிவந்த முடிவு: வழக்கமான முறையில் எலும்பை மீறிய ஸ்க்ரூக்கள் 23 சதவீதம், படம் பார்த்து இறக்கியபோது 2 சதவீதம். அது கோணல் முதுகுகளின் மார்புப் பகுதியில் செய்த ஆய்வு. ஆனால் கழுத்துச்சிக்கும் கணக்கு அதேதான்: கண்ணுக்குத் தெரியாத எலும்புக்குள் கை போகிறது.

முசிறியிலிருந்து திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு, குணசீலம் வழியாக, சுமார் 40 கிலோமீட்டர். 2008இல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு, கழுத்துப் பட்டையும் பலகையும் வீட்டு வாசல் வரை வருகின்றன. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. தென்னையிலிருந்து விழுவதையும் சாலை விபத்தைப் போலவே கணக்கில் கொள்ள வேண்டும் என்பேன். இரண்டிலும் உடைவது ஒரே கழுத்துதான். ஆம்புலன்ஸ் வரும்வரை அவரை உட்காரவைக்காமல், தண்ணீர் கொடுக்காமல், ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு கையாலும் தலையை நேராகப் பிடித்திருந்தால் போதும்.

மருத்துவமனையில் சி.டி. ஆஞ்சியோகிராம் படம் கையில் வந்தபின் அறுவை மருத்துவர் இரண்டு பக்கத்தையும் இரண்டு வேறு கழுத்துகளாகப் பார்க்கிறார். ஒரு பக்கத் தமனி அடிபட்டு அடைத்துக்கொண்டிருந்தால், மீதமுள்ள ஒரே தமனி இருக்கும் பக்கத்தில் துணிவு காட்டுவதில்லை. அங்கே ஆழமான ஸ்க்ரூவை விட்டுவிட்டு, 2004இல் நீல் ரைட் சொன்னபடி, தமனியை நெருங்காமல் இரண்டாம் எலும்பின் பின்தகட்டுக்குள்ளேயே குறுக்காக ஸ்க்ரூ இறக்கலாம். பின்தகடும் மெலிந்திருந்து, முதல் எலும்பின் பின்வில் முழுதாக இருந்தால், கேலியின் 1939ஆம் ஆண்டுக் கம்பி இன்றும் எடுக்கப்படுகிறது. அப்போது அவர் ஒன்றரை சென்டிமீட்டருக்குள்தான் நிற்கிறார். அப்பால் தமனி எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்த பிறகு.